தக்கைப்பூண்டும் நிரம்பாத குளமும்

'தக்கைப்பூண்டை மடக்கி உழுதால் யூரியாவே வேண்டாம்' என்பது வேளாண் கூட்டங்களில் வாய்ப்பாடாகிவிட்டது. 2024-25 வேளாண் பட்ஜெட்டில் 'மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்' திட்டம் வந்து, 2 லட்சம் ஏக்கருக்குத் தக்கைப்பூண்டு போன்ற பசுந்தாளுர விதை என்று அறிவித்தபின், அந்த வாய்ப்பாட்டை மறுப்பவர் மண்ணின் எதிரியாகவே பார்க்கப்படுகிறார். குளத்துப் பாசனத்தை நம்பிய எங்கள் குன்றாண்டார்கோவில் வட்டாரத்தைப் பொறுத்தவரை நான் மறுக்கிறேன்.

பயிரின் குணத்தில் குறையில்லை. வேர்முடிச்சை நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். காற்றின் தழைச்சத்தைப் பிடிக்கும் வேலை நடக்கிறது என்று அர்த்தம். களர் நிலத்தைத் திருத்தும், சரளைச் செம்மண்ணுக்கு மட்கு சேர்க்கும்.

கோளாறு கணக்குப் போடும் விதத்தில். ஏக்கருக்கு 8 டன் பசுந்தாள் என்றால் காய்ந்த எடை ஒன்றரை டன்னுக்குச் சற்று மேல். அதில் சுமார் 40 கிலோ தழைச்சத்து. ஆகவே இரண்டு மூட்டை யூரியா மிச்சம் என்கிறார்கள். அந்த 40 கிலோ எந்த மாதத்தில் வெளிவருகிறது, அப்போது வயலில் என்ன நிற்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

பூப்பிடிக்கும் தறுவாயில், 45 நாளில் உழுத இளந்தண்டு வேகமாக மட்கும். ஈரம் இருந்தால் மூன்று வாரம் கழித்து மண்வெட்டியால் ஒரு வெட்டு வெட்டிப் பாருங்கள்: இலையின் தடமே இருக்காது, தண்டின் பட்டை மட்டும் நார்நாராக வரும். சத்தில் பெரும்பகுதி மண்ணில் இறங்கிவிட்டது. டெல்டாவில் மேட்டூர் திறக்கும் தேதியை வைத்து உழவையும் நடவையும் பொருத்திக்கொள்ளலாம். இங்கே குளம் நிரம்ப ஐப்பசி ஆகும். கோடை மழையை நம்பிச் சித்திரையில் விதைத்து ஆனியில் உழுதவருக்கு நடவு வரை மூன்று நான்கு மாதம் வெறும் வயல். அந்த இடைவெளியில், மட்கியதில் வெளிவந்த அமோனியம் நைட்ரேட்டாக மாறிவிடும். செம்மண்ணுக்கு அதைப் பிடித்துவைக்கும் சக்தி கிடையாது. போதாததற்கு, காய்ந்த மண் நனையும்போதெல்லாம் நுண்ணுயிர்கள் கிளர்ந்து மேலும் சத்தை அவிழ்த்துவிடும். கிழக்கு ஆப்பிரிக்க மண்களை ஆராய்ந்து பிர்ச் என்ற விஞ்ஞானி 1958இல் எழுதியது இதைத்தான். அடைமழையில் பாதி கீழே வடியும். மிச்சம் நீர் கட்டிய வயலில் வாயுவாகிப் பறக்கும். நாற்று வேர்பிடிக்கும்போது சத்து இருக்காது.

'மண்ணில் போட்டது எங்கே போகும்?' என்று கேட்பவர்களுக்கு இதைவிட என்ன பதில் வேண்டும்? தள்ளி உழலாம் என்றால் தண்டு முற்றிவிடும். கரி மிகுந்த அந்தத் தண்டை மட்கவைக்க நுண்ணுயிர்கள் மண்ணின் தழைச்சத்தையும் இழுத்துக்கொள்ளும், நாற்று வெளிறும். அதைப் பார்த்த விவசாயி பதறிப்போய் யூரியா மூட்டையைத்தான் பிரிப்பார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

விதை கொடுத்த ஏக்கரை எண்ணுவதோடு திட்டம் முடிந்துவிடக் கூடாது. உழுத நாளுக்கும் நட்ட நாளுக்கும் உள்ள இடைவெளியையும் பதிவு செய்ய வேண்டும். கிணற்றுப் பாசனக்காரர் எப்போது வேண்டுமானாலும் விதைக்கட்டும். குளத்துப் பாசனக்காரருக்கு விதை சித்திரையில் வேண்டாம். ஆவணிக் கடைசியில், இடிமழை பெய்யும்போது கொடுங்கள். ஐப்பசியில் தண்ணீர் கட்டிச் சேற்றுழவு போடும்போதே மடக்கலாம். நீருக்கடியில் மட்கினால் சத்து அமோனியமாகவே தங்கும். நடவு தள்ளிப்போகும், ஆகவே குறுகிய வயது நெல்லையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.