டன்னுக்கு எத்தனை கிராம்?

தொழில்நுட்பச் செய்திகளில் ஆண்டுக்கு ஒருமுறையாவது தலைகாட்டும் தகவல் ஒன்று உண்டு. ஒரு டன் தங்கத் தாதுவில் கிடைப்பதைவிடப் பல மடங்கு தங்கம் ஒரு டன் பழைய செல்போன்களில் இருக்கிறதாம். சுற்றுச்சூழல் தினத்தை ஒட்டியோ, புதிய மாடல் சந்தைக்கு வரும் வாரத்திலோ இதைப் படிக்கலாம். கூடவே 'நகர்ச் சுரங்கம்' என்ற பெயரும், மின்னுகிற சர்க்யூட் போர்டு ஒன்றின் படமும் இருக்கும். படித்தவர் மேசை டிராயரைத் திறந்து, அணைந்துபோய்க் கிடக்கும் பழைய போனை ஒருமுறை பார்த்துவிட்டு மூடிவிடுவார். செய்தியின் வேலை அத்தோடு முடிந்தது.

இந்தத் தகவலை உரைத்துப் பார்க்கக் கோலார் தங்கவயலைவிடப் பொருத்தமான ஊர் இந்தியாவில் இல்லை. டன்னுக்கு எத்தனை கிராம் என்ற கேள்வியை நம்பித்தான் இந்த ஊர் நூற்றிருபது ஆண்டுகள் பிழைத்தது. 1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் கால்வைத்ததிலிருந்து 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டதுவரை ஏறத்தாழ 5 கோடியே 10 லட்சம் டன் தாதுவை வெட்டி, 800 டன்னுக்கு மேல் தங்கம் எடுத்திருக்கிறார்கள். வடஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்து லைன் வீடுகளில் குடியேறிய தமிழர்கள்தான் அதில் பெரும்பகுதியை வெட்டியவர்கள். சராசரி போட்டால் டன்னுக்குப் பதினாறு கிராம் பக்கம் வருகிறது. தொடக்க காலத் தாது அதைவிடப் பல மடங்கு செழிப்பானது. கடைசி ஆண்டுகளில் மூன்று கிராமை ஒட்டி இறங்கிவிட்டது.

செல்போன் கணக்கு என்ன? அமெரிக்க அரசின் நிலவியல் ஆய்வகம் வெளியிட்ட மதிப்பீட்டின்படி பத்து லட்சம் போன்களில் சுமார் 34 கிலோ தங்கம் இருக்கிறது. ஒரு போனுக்கு 0.034 கிராம். நூறு கிராம் எடையுள்ள பழைய பட்டன் போன்கள் என்றால் ஒரு டன்னுக்குப் பத்தாயிரம் போன்கள், 340 கிராம் தங்கம். இருநூறு கிராம் எடையுள்ள இன்றைய ஸ்மார்ட்போன் என்றால் அதில் பாதி. எப்படிப் பார்த்தாலும் கோலார் தாதுவின் சராசரியைப் போலப் பத்து மடங்குக்குக் குறையவில்லை. ஆகவே செய்தி சொல்வது பொய்யல்ல. குப்பை என்று தள்ளிய ஒன்றுக்குள் தங்கமும் பல்லேடியமும் இருக்கின்றன என்பதை லட்சக்கணக்கானவர்களுக்குப் புரியவைத்ததும் இந்த ஒற்றைவரித் தகவல்தான். அந்தப் பெருமையைக் கொடுத்துவிடலாம்.

சுரங்கத்தில் வேலை செய்தவர் வீட்டில் இதைச் சொன்னால் அடுத்த கேள்வி உடனே வரும்: அந்த டன் எங்கே கிடக்கிறது? கோலாரின் சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். பாறையின் சூடு, உள்ளே காற்றுச் செலுத்தும் செலவு, தண்ணீர் இறைக்கும் செலவு எல்லாம் சேர்ந்து, தங்கத்தை எடுக்கும் செலவு அதை விற்கும் விலையைத் தாண்டிப் போனதால்தான் சுரங்கத்தை மூடினார்கள். உள்ளே தங்கமே இல்லாமல் போய்விடவில்லை. தாதுவின் தரம் கணக்கின் ஒரு பாதி. அது இருக்கிற இடத்திலிருந்து ஆலைக்கு வந்து சேரும் செலவு மறுபாதி. செல்போன் செய்தி முதல் பாதியை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறது. கிராம் பத்தாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு போனுக்குள் இருக்கும் தங்கம் 340 ரூபாய்க்குத்தான் பெறும். தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டையில் போன் ரிப்பேர் பார்ப்பவருக்கு அந்தப் போனின் நல்ல டிஸ்பிளே அதைவிட மதிப்புள்ளது. அவர் முதலில் டிஸ்பிளேயைத்தான் கழற்றுவார். அவர் கணக்கு சரி.

டோக்கியோ ஒலிம்பிக்கை எடுத்துக்கொள்வோம். பதக்கங்கள் அனைத்தையும் பழைய மின்னணுச் சாதனங்களிலிருந்து எடுத்த உலோகத்தால் செய்தார்கள். உலகம் முழுக்கத் தொழில்நுட்பச் செய்தியாளர்கள் கொண்டாடிய முயற்சி. இரண்டு ஆண்டுகளில் மக்கள் கொடுத்த 78,985 டன் சிறு சாதனங்கள், கூடவே சுமார் 62 லட்சம் செல்போன்கள். கிடைத்ததாக அறிவிக்கப்பட்ட தங்கம் 32 கிலோ. வகுத்துப் பாருங்கள்: டன்னுக்கு அரை கிராம்கூட இல்லை. கோலார் மூடப்படும்போது இருந்த தாது இதைவிடச் செழிப்பானது! பதக்கத்துக்கு வேண்டிய தங்கமே முப்பது கிலோ அளவுதான் என்பதால் இதை மொத்த விளைச்சல் என்று கொள்வது நியாயமாகாது. ஆனாலும் ஆலை வாசலுக்கு வரும் குப்பையில் செல்போனோடு ஹேர்டிரையரும் பழைய வீடியோ கேமராவும் பிளாஸ்டிக் ஓடுகளும் கலந்தே வருகின்றன என்பதற்கு அந்தக் கணக்கு சாட்சி. போனை மட்டும் தனியாகப் பொறுக்கியெடுத்து அடுக்கிய டன் ஒன்று பெரும்பாலும் ஆய்வறிக்கையில்தான் இருக்கிறது. பதக்கக் கதையை எழுதியவர்களில் இந்த வகுத்தலைச் செய்து பார்த்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? இரண்டு எண்களும் ஒரே செய்திக்குறிப்பில்தான் இருந்தன.

நிறுவனங்களின் பசுமை அறிவிப்புகளிலும் இதே கதைதான். 2021இல் வந்த ஐபோன் 13இன் முதன்மைப் போர்டில் பூசிய தங்கம் முழுக்க மறுசுழற்சித் தங்கம் என்று ஆப்பிள் அறிவித்தது. தொழில்துறைக்கே முதல்முறை என்றார்கள். செய்திகளும் அப்படியே எழுதின. அறிவிப்பில் தவறில்லை. ஆனால் உலகில் மறுசுழற்சிக்கு வரும் தங்கத்தில் பத்தில் ஒன்பது பங்கு பழைய நகை. மறுசுழற்சித் தங்கம் என்றதும் படிப்பவர் மனத்தில் பழைய போனிலிருந்து புதிய போனுக்கு ஒரு பாதை விரிகிறது. உண்மையில் யாரோ விற்ற வளையல் உருகியும் அந்தப் போர்டில் ஏறியிருக்கலாம். மின்னணுத் தொழில் ஆண்டுக்கு 250 டன்னை ஒட்டித் தங்கத்தைப் பயன்படுத்துகிறது. கோலார் தன் ஆயுள் முழுக்கக் கொடுத்தது அந்தத் தொழிலுக்கு மூன்று ஆண்டுத் தீனி. இந்தப் பசியின் அளவைச் சொல்லாமல் பூச்சின் மூலத்தை மட்டும் சொல்வது விளம்பரத்துக்குப் போதும், செய்திக்குப் போதாது.

தங்கம் எப்படிப் பிரிகிறது என்பதைத் தொழில்நுட்பச் செய்தி தொடுவதே அபூர்வம். பெல்ஜியத்தில் உமிகோர் நிறுவனம் நடத்துவதைப் போன்ற பெரும் உருக்காலைகளில் புகையையும் கழிவையும் பிடித்து வைத்துக்கொண்டு உலோகத்தைப் பிரிக்கிறார்கள். தில்லியின் சீலம்பூரிலும் மொராதாபாத்திலும் அது வேறு மாதிரி நடக்கிறது: போர்டைக் கொளுத்தி, அமிலத்தில் ஊறவைத்து, மிச்சத்தைச் சாக்கடையில் விடுகிறார்கள். 2022இல் உலகம் கழித்துப்போட்ட 6 கோடியே 20 லட்சம் டன் மின்னணுக் குப்பையில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 விழுக்காடுதான் என்கிறது ஐ.நா. அமைப்புகளின் அறிக்கை. தாதுவை நசுக்கிச் சயனைடில் கரைத்துத் தங்கத்தை எடுத்தபின் மிஞ்சும் மாவுமண் என்ன ஆகும் என்பது கோலாருக்குத் தெரியும். ஊருக்கு நடுவே பதின்மூன்று மேடுகளாக அது நிற்கிறது. காற்றடி காலத்தில் வீட்டுக்குள் வருகிறது. 1940களில் இங்கே நடந்த மருத்துவ ஆய்வில், சோதிக்கப்பட்ட தொழிலாளர்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் சிலிகோசிஸ் இருந்தது தெரியவந்தது. டன்னுக்கு எத்தனை கிராம் என்ற பட்டியலில் நுரையீரலுக்கு அன்றும் பத்தி கிடையாது, இன்றும் கிடையாது.

இப்படியெல்லாம் சொல்வதால் நுகர்வோர் தொழில்நுட்பச் செய்தியே வெற்று வேலை என்று ஆகிவிடாது. மேசைமேல் வைத்துச் சோதிக்க முடிகிற விஷயத்தில் தொழில்நுட்பச் செய்தியாளர்கள் அளவுக்கு நுகர்வோருக்கு உழைத்தவர்கள் குறைவு. 2017 டிசம்பரில், பேட்டரி பழசானால் ஐபோன் வேகம் குறைகிறது என்பதை வாடிக்கையாளர் ஒருவர் கவனித்துச் சொன்னார்; கனடாவின் பிரைமேட் லேப்ஸ் நிறுவனர் ஜான் பூல் ஆயிரக்கணக்கான போன்களின் வேக அளவீடுகளை வரைபடமாகப் போட்டு அதை உறுதிப்படுத்தினார்; செய்தியாளர்கள் விடாமல் கேட்டார்கள். ஆப்பிள் மன்னிப்புக் கேட்டது. இந்தியாவில் பேட்டரி மாற்றும் விலை 6,500 ரூபாயிலிருந்து 2,000 ஆக இறங்கியது. அமெரிக்காவில் வழக்கைத் தீர்க்க 50 கோடி டாலர்வரை கொடுக்க 2020இல் ஒப்புக்கொண்டது. எந்த அரசுத் துறைக்கும் முந்திச் செய்த வேலை இது. சோதனை கையில் இருந்ததால் நிறுவனம் சொன்னதை நம்பவேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை.

மேசையைவிட்டு வெளியே வந்தால் அதே செய்தியாளர்கள் சுருதி இழக்கிறார்கள். கோலார் மாவட்டத்து நரசாபுரமே இதற்கு உதாரணம். தைவானின் விஸ்ட்ரான் நிறுவனம் அங்கே ஐபோன்களைப் பொருத்தும் தொழிற்சாலையை நடத்தியது. 2020 டிசம்பர் 12 காலையில், சம்பளம் குறைவாகவும் தாமதமாகவும் வந்ததாகக் கொதித்த தொழிலாளர்கள் அதை அடித்து நொறுக்கினார்கள். பெரும்பாலானோர் ஒப்பந்தக்காரர்கள் மூலம் சேர்க்கப்பட்டவர்கள். உடனே வந்த தலைப்பு 437 கோடி ரூபாய் நட்டம், ஆயிரக்கணக்கான ஐபோன்கள் கொள்ளை. அது போலீஸிடம் நிறுவனத்தரப்பு கொடுத்த புகாரிலிருந்த தொகை. சில நாட்களில் அதே நிறுவனம் தைவானில் அறிவித்த சேதம் 10 முதல் 20 கோடி தைவான் டாலர். நம் பணத்தில் 26 முதல் 52 கோடிக்குள் அடங்கிவிடும். முதல் எண் ஓடிய தூரம் இரண்டாவது எண் ஓடவில்லை. இன்றும் பலருக்கு நினைவிருப்பது 437தான்.

அந்த நிகழ்வில் முக்கியமான எண்கள் வேறு. ஐந்தாயிரமாக இருந்த ஆட்களைக் குறுகிய காலத்தில் பத்தாயிரத்துக்கு மேல் உயர்த்தியிருந்தார்கள். அத்தனை பேரின் வருகையையும் சம்பளத்தையும் கவனிக்கும் ஏற்பாடு அதற்கேற்ப வளரவில்லை என்று கர்நாடகத் தொழிற்சாலைத் துறை கண்டது. அக்டோபர், நவம்பர் சம்பளம் சிலருக்குத் தாமதமானதை ஆப்பிளும் டிசம்பர் 19 அன்று ஒப்புக்கொண்டு, புதிய ஆர்டர்களை நிறுத்திவைத்தது. சம்பளச்சீட்டு, ஷிஃப்ட் நேரம், ஒப்பந்தக்காரரின் கமிஷன் இவற்றைத் தேடிப்போனவர்கள் தொழிலாளர் பிரச்சினைகளை எழுதும் நிருபர்கள். போனைப் பற்றி எழுதுகிறவர்கள் கேட்டது புதிய மாடல் தாமதமாகுமா என்பதை. 2023 அக்டோபரில் டாடா அந்த ஆலையை 12.5 கோடி டாலருக்கு வாங்க ஒப்பந்தமானபோதும் 'இந்தியாவில் தயாரித்த ஐபோன்' என்ற பெருமிதத்தில் செய்தி நின்றுவிட்டது. பெருமிதப்படலாம், தப்பில்லை. ஆனால் தங்கவயலிலிருந்து விடியுமுன் மாரிக்குப்பம் ரயிலைப் பிடித்துப் பெங்களூருக்கு வேலைக்குப் போகும் ஆயிரக்கணக்கானவர்களுக்கு, மாவட்டத்துக்குள்ளேயே கிடைக்கும் வேலை எத்தனை மாதம் நீடிக்கும், யார் பெயரில் சம்பளம் வரும் என்பதெல்லாம் கேமராவின் மெகாபிக்சலைவிட முக்கியமான விவரக்குறிப்புகள்.

நிருபர்களிடம் காசில்லை, நேரமில்லை, விமர்சனத்துக்கு அனுப்பப்படும் போன் நாளைக்கும் வரவேண்டும் என்ற கவலை உண்டு. புரிகிறது. எல்லாரும் சீலம்பூருக்கும் நரசாபுரத்துக்கும் போகவேண்டும் என்று கேட்பதும் அதிகப்படி. ஆனால் இப்போது வெளியே நடப்பதில் கொஞ்சம் அவர்கள் மேசைக்கே வந்துகொண்டிருக்கிறது. இந்தியாவின் 2022ஆம் ஆண்டு மின்னணுக் கழிவு விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளன. விற்ற நிறுவனமே மறுசுழற்சி இலக்கை எட்டவேண்டும். அதற்காக மறுசுழற்சியாளருக்குக் கொடுக்கவேண்டிய குறைந்தபட்ச விலையாக ஸ்மார்ட்போனுக்குக் கிலோ 34 ரூபாயும் பிற வீட்டு மின்னணுப் பொருட்களுக்கு 22 ரூபாயும் வைத்ததை எதிர்த்து சாம்சங், எல்ஜி போன்ற நிறுவனங்கள் தில்லி உயர்நீதிமன்றம் போயிருக்கின்றன. லட்ச ரூபாய் போனை விமர்சிக்கும்போது, அதைக் கழிக்க நிறுவனம் கொடுக்கத் தயங்கும் தொகை சுமார் ஏழு ரூபாய் என்று ஒரு வரி சேர்க்கலாம். கால்குலேட்டர் போதும்.

இன்னொன்று, பழுதுபார்க்க எவ்வளவு எளிது என்பதைக் காட்டும் குறியீடு. பிரான்ஸ் 2021 ஜனவரியிலிருந்து போன் விற்கும் இடத்தில் அந்த மதிப்பெண்ணைக் காட்டவைத்தது. இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை அமைத்த குழு 2025 மே மாதம் இதற்கான அறிக்கையைக் கொடுத்தது. முதல் கட்டமாக ஸ்மார்ட்போனும் டேப்லெட்டும். மதிப்பெண்ணைக் கணக்கிடப் போவது நிறுவனங்களே என்பதால், அதைச் சரிபார்க்கும் ஆள் வெளியிலிருந்துதான் வரவேண்டும். தமிழில் போனைப் பிரித்துக் காட்டும் காணொளிகளுக்குப் பஞ்சமில்லை. பேட்டரி பசையால் ஒட்டப்பட்டிருக்கிறதா, திருகாணி சாதாரணமானதா, மூன்றாம் ஆண்டில் உதிரி பாகம் ராபர்ட்சன்பேட்டைக் கடைக்கு என்ன விலைக்கு வந்து சேரும் என்பதை அவர்களே சோதித்துச் சொல்ல முடியும்.