மருந்து அதிகாரமும் குரல்நாண் புற்றும்

திருக்குறளின் 95ஆம் அதிகாரம் மருந்து. நோய் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் இவ்வதிகாரத்தை எடுத்துக்காட்டுதல் தமிழறிந்தார் வழக்கம். ஆயினும், ஒரு நோய்க்கு இருவேறு மருத்துவம் இருந்து, ஒவ்வொன்றும் ஒன்றைக் காத்து ஒன்றைக் கொள்ளுமாயின் எதனைத் தேர்வது? தேர்தற்கு உரியார் யாவர்? இவ்வினாக்களுக்கு அதிகாரம் விடை தருமா என்பதைக் காண்டலே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வுக்குரிய நோயாகக் குரல்நாண் புற்றினைக் கொள்கின்றேன். அதற்குக் காரணம் இரண்டு. உயிருக்கும் குரலுக்கும் இடையே நிறுத்துப் பார்க்கும் நிலையை இந்நோய் உண்டாக்குகின்றது. இது நூல்வழிக் காரணம். காவாந்தண்டலத்தில் வாழும் என் சிறிய தந்தையார்க்கு இந்நோய் வந்தபோது உடன்சென்றவன் யான். இது வாழ்வுவழிக் காரணம்.

முதற்கண் நோயின் இயல்பு. எழுத்தொலி பிறக்கும் இடங்கள் எட்டனுள் மிடற்றையும் ஒன்றாகத் தொல்காப்பியப் பிறப்பியல் எண்ணுகின்றது. அம்மிடற்றினுள் அமைந்த இரு மென்மடிப்புக்களே குரல்நாண்கள். மூச்சுக்காற்று அவற்றை அதிர்விக்கக் குரல் பிறக்கின்றது. அங்குப் புற்றுத் தோன்றின் தொடக்கத்திலேயே குரல் கம்மும். ஆதலின் மூன்று கிழமைக்கு மேற்பட்ட குரற்கம்மலைச் சளியென்று தள்ளாது, மிடற்றினை உள்நோக்கிக் காணச் செய்தல் வேண்டும். இந்நோயின் தலையாய காரணம் புகையிலை.

மக்கள் வழக்கில் எல்லாம் தொண்டைப் புற்றே. காஞ்சி தந்த நாவலர் அறிஞர் அண்ணா 1968 செப்டம்பரில் நியூயார்க்கில் அறுவை செய்துகொண்டு, 1969 பிப்ரவரி 3இல் மறைந்தார். அவர்க்கு வந்ததையும் தொண்டைப் புற்றென்றே ஊரார் கூறுவர். அஃது உணவுக்குழலின் நோய், குரல்நாணின் நோயன்று. இடம் வேறாயின் மருத்துவமும் வேறு, முடிவும் வேறு. 948ஆம் குறளில் நாடுதல் என்னும் வினை மும்முறை வருகின்றது. செய்தல் ஒருமுறையே, அதுவும் இறுதியில் வருகின்றது. நோய், அதன் முதல், தணிக்கும் வழி என மூன்றனையும் நாடிய பின்னரே செயல் என்பது வள்ளுவனார் வைத்த முறை. இம்முறைவைப்பின் அருமை, பெயரளவில் ஒன்றாய்த் தோன்றும் நோய்களை வேறுபிரிக்கும்போதே விளங்கும்.

அக்குறளில் தணிக்கும் வழியைக் குறிக்கும் சொல் வாய் என்பது. அதனை உறுப்பாகக் கொண்டு நயம் கூறுவாரும் உளராகலாம். அது குறட்பொருட்கு இயையாது. ஆண்டு வாய் என்பது வழியே. பரிமேலழகரும் குருதி களைதல், அறுத்தல், சுடுதல் முதலியவற்றை அவ்வழிகளுள் அடக்குவர். இன்றைய குரல்நாண் மருத்துவமும் பெரும்பாலும் அறுத்தல், கதிரால் சுடுதல் என்னும் இரண்டனுள் அடங்கும். இவ்வொப்புமையைக் கண்டு இக்கால மருத்துவம் முழுதும் குறளில் உண்டு என்பார் கூற்று ஏற்புடைத்தன்று. வளி முதலாய மூன்றன் மிகுதி குறைவுகளே நோய் என்பது அதிகாரத்தின் கொள்கை. புற்றுநோய் அக்கொள்கையுள் அடங்குவதன்று. குறளின் பெருமை நோயறிவில் இல்லை. ஆராயும் முறையில் உள்ளது.

949ஆம் குறள் நோயுற்றான் அளவு, பிணியளவு, காலம் என்னும் மூன்றனையும் கருதச் சொல்லும். பிணியளவினை விரிக்கும் பரிமேலழகர் தீருவது, தீராதது, தாங்கி வாழத்தக்கது என்னும் வகையும், தொடக்கம், நடு, ஈறு என்னும் பருவமும் காட்டுவர். இப்பருவப் பாகுபாடு குரல்நாண் புற்றுக்கு இன்றியமையாதது. தொடக்க நிலையில் கதிர்வீச்சு, வாய்வழியாகச் செய்யும் லேசர் அறுவை என்னும் இரண்டும் ஏறத்தாழ ஒத்த பயன் தருவன. மிகப் பெரும்பாலார் பிழைப்பர். கதிர்வீச்சு ஆறேழு கிழமை நாள்தோறும் சென்றுவரச் செய்யும். அதே இடத்தில் மீண்டும் முழுமையாகச் செய்தல் அரிது. லேசர் அறுவை விரைவில் முடியும். வேண்டின் மீண்டும் செய்யலாம். களையும் தசை மிகுமாயின் குரல் குன்றும். நோய் முற்றி நாண் அசையாது நின்றவழி, குரல்வளை முழுதும் களைதல் ஒரு வழி. மருந்தொடு கூடிய கதிர்வீச்சு மற்றொரு வழி. குருத்தெலும்பைத் துளைத்துப் பரவியதாயின் களைதலே பெரிதும் அறிவுறுத்தப்படும். அவ்வழிக் கழுத்தின் துளையால் மூச்சுவிடல் வேண்டும். உணவுக்குழற் பேச்சு, மின்கருவி, செயற்கைக் குரலடைப்பு ஆகியவற்றுள் ஒன்றால் பேசப் பயிலல் வேண்டும்.

குரல்வளை முழுவதையும் புற்றுக்காகக் களையும் அறுவையை 1873 திசம்பர் 31இல் வியன்னாவில் பில்ரோத் முதன்முதற் செய்தார். அதன்பின் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக, முற்றிய நோய்க்கு அதுவே தலையாய மருத்துவமாக நின்றது. 1991இல் அமெரிக்காவில் முன்னாட் படைவீரர் மருத்துவமனைகளில் 332 நோயாளரைக் கொண்டு நிகழ்ந்த ஆய்வு வெளிவந்தது. முதலில் குரல்வளை களையப்பட்டாரும், மருந்தும் கதிர்வீச்சும் பெற்றாரும் ஈராண்டு முடிவில் ஒரே அளவில், நூற்றுக்கு 68 பேர், உயிரோடிருந்தனர். பின்னவருள் நூற்றுக்கு 64 பேரின் குரல்வளை காக்கப்பட்டது. இதனால் தேர்வு என்பது மெய்யான தேர்வாயிற்று. அதற்குப் பத்தாண்டு முன்னர், 1981இல், நலமுற்ற 37 பேரிடம் வினவிய ஓர் ஆய்வில் ஏறத்தாழ ஐவருள் ஒருவர், வாழ்நாள் குறையினும் குரலைக் காக்கும் வழியையே கொள்வோம் என்றனர். அவர்கள் நோயுற்றார் அல்லர் என்பதையும் மறத்தல் கூடாது. எனினும் உயிரும் குரலும் எல்லார்க்கும் ஒரே நிறையின அல்ல என்பது அதனால் போதரும்.

இனி 950ஆம் குறள். உற்றவன், தீர்ப்பான், மருந்து, உழைச்செல்வான் என மருத்துவம் நான்கு கூறாகும். பரிமேலழகர் ஒவ்வொன்றற்கும் நந்நான்கு இலக்கணம் கூறிப் பதினாறாக்குவர். காஞ்சியில் வாழ்ந்தவர் என மரபு கூறும் அவ்வுரையாசிரியர் இந்நான்கனையும் ஏட்டறிவால் மட்டும் விரித்தார் எனக் கருதவேண்டுவதில்லை. பாலாறு, செய்யாறு, வேகவதி கூடும் திருமுக்கூடலில் வீரராசேந்திர சோழன் காலத்து, 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஓர் ஆதுலர்சாலையைக் கூறுகின்றது. நோயாளர் பதினைவர்க்கு அங்கு இடம் இருந்தது. மருத்துவனும், அறுவை செய்வானும், பணிப்பெண்டிர் இருவரும் இருந்தனர். இருப்பில் வைக்கவேண்டிய மருந்துகளும் பெயர் சொல்லி எழுதப்பட்டன. குறள் கூறும் நான்கு கூறும் கல்லில் உள. உழைச்செல்வார்க்கும் படி வகுத்த நாடு இது.

உற்றவன் இலக்கணமாக உரை கூறுவன பொருளுடைமை, மருத்துவன்வழி நிற்றல், நோயின் நிலையை உணர்த்தும் வன்மை, மருந்தின் துன்பம் பொறுத்தல் என்பன. இவற்றுள் மூன்றாவது ஈண்டு உளங்கொளத்தக்கது. நோயுற்றான் வாளா கிடப்பவன் அல்லன்; உணர்த்துவோன். குரல்நாண் புற்றிலோ உணர்த்தும் கருவியே நோய்ப்படுகின்றது. பேச்சு மெலிந்தவனை விடுத்து உடன்வந்தானை நோக்கியே எல்லாரும் பேசத் தலைப்படுவர். நோயாளனின் சொல் இருமுறை இழக்கப்படுகின்றது: ஒருமுறை நோயால், ஒருமுறை நம்மால்.

இதனை யான் என் குற்றமாகவே எழுதுகின்றேன். என் சிறிய தந்தையார் சுற்றூர்களில் பாரதம் படித்துப் பொருள் கூறுபவர். அவர்க்கு நாண் அசையாத நிலை. மருத்துவர் இருவழியும் விளக்கியபோது வினாவியவன் யான். குரல்வளை களைதலே உறுதி என விடையிறுக்க முற்பட்டவனும் யானே. அவர் என் கையிலிருந்த தாளை வாங்கி எழுதினார்: “படிக்கிறவன் நான். முடிவையும் நானே சொல்லுகிறேன்.” பல ஆண்டு வகுப்பில் இவ்வதிகாரத்தை நடத்திய எனக்கு 950ஆம் குறளின் உரை அன்றே விளங்கிற்று. உழைச்செல்வான் இலக்கணங்களுள் ஒன்று சொல்லியவற்றை அவ்வாறே செய்யும் வன்மை. சொல்லுவார் இன்னார் என உரை விரித்திலது. மருத்துவன் என்றே பாடம் சொல்லி வந்தேன். இடம் நோக்கின் அதுவே நேர்பொருள். ஆயினும் உற்றவன் சொல்லியதையும் அதனுள் அடக்குதல் உரைக்கு மாறாகாது என இன்று கருதுகின்றேன். அவ்விலக்கணத்தோடு அன்புடைமையும் அறிவுடைமையும் சேர எண்ணப்பட்டமை அதற்குத் துணைசெய்யும்.

எனினும் ஒரு குறை நிற்கின்றது. இருவழியுள் ஒன்றைத் தேரும் முறையை மருந்து அதிகாரம் தன்னளவில் கூறவில்லை. 948, 949ஆம் குறள்களின் எழுவாய் மருத்துவனே. தேரும் முறையைப் பொருட்பாலின் பிறிதோரிடத்தே காண்கின்றோம். தெரிந்துசெயல்வகையின் முதற்குறளாகிய 461 அழிவதையும், ஆவதையும், ஆனபின் வரும் ஊதியத்தையும் எண்ணிச் செயல் தொடங்கச் சொல்லும். அரசற்குக் கூறியதாயினும் அதனை 949ஆம் குறளோடு இயைத்துப் படித்தல் தகும். மருத்துவன் பிணியளவு கூறலாம். எது அழியின் தனக்குப் பேரழிவு என்பதை உற்றவனே கூறவல்லான். பேசிப் பிழைப்பவனுக்குக் குரலும், மக்கள் வளருமளவும் வாழவேண்டுவானுக்கு ஆண்டுகளும் ஊதியமாகலாம். எனவே பிணியளவு அறிதல் தீர்ப்பான் கடன். அழிவும் ஆக்கமும் நிறுத்தல் உற்றவன் உரிமை. அவன் சொல் கேட்கப்படுமாறு நிற்றல் உழைச்செல்வான் கடன் என முடிபு கொள்ளலாம்.

சிறிய தந்தையார் மருந்தொடு கூடிய கதிர்வீச்சினைத் தேர்ந்தார். நோய் மீளின் குரல்வளையைக் களைய நேரும் என்பதையும் அறிந்தே தேர்ந்தார். விழுங்கலும் அரிதாகிய கிழமைகளைப் பொறுத்தார். இப்பொழுது குரல் தாழ்ந்து கரகரத்துள்ளது. இரவு முழுதும் படிக்க இயலாது. பாட்டை இளையவர் ஒருவர் படிக்க, இவர் அருகமர்ந்து பொருள் மட்டும் கூறுகின்றார். கேட்போர் முன்னினும் நெருங்கி அமர்கின்றனர். குறித்த நாள்தோறும் மிடற்றைக் காட்டிவரச் செல்கின்றோம். மருத்துவர் வினவும்போது யான் விடை கூறுவதில்லை. அவர் கூறி முடிக்கும்வரை காத்திருக்கின்றேன்.