சேனாபதியின் கத்தியும் சக்கேயுவின் வீடும்

1996-ஆம் ஆண்டு மே மாதம், சட்டப் பேரவைத் தேர்தலின் சூடு தணியுமுன், ஷங்கர் இயக்கிய ‘இந்தியன்’ வெளிவந்தது. தந்தையாகவும் மகனாகவும் நடித்த கமல்ஹாசன் தேசிய விருது பெற்றார். 2024-இல் இரண்டாம் பாகமும் வந்து போயிற்று. அதுபற்றிச் சொல்ல அதிகமில்லை. முதற்படமோ இன்றும் மனத்தை விட்டு அகலவில்லை. ‘ரமணா’ (2002), ‘அந்நியன்’ (2005) என அவ்வரிசை நீண்டது. சட்டம் செய்யத் தவறியதைத் தனிமனிதன் ஒருவன் செய்து முடிப்பான் என்பதே இவ்வரிசை அறிவிக்கும் நற்செய்தி.

கதை நாம் அறிந்ததே. நேதாஜியின் படையில் போரிட்ட முதியவர் சேனாபதி. தீக்காயமுற்ற மகளுக்கு மருத்துவம் செய்ய மருத்துவர் கையூட்டுக் கேட்கிறார். தந்தை தர மறுக்கிறார், மகள் இறக்கிறாள். பின்னர் அவர் கத்தி எடுக்கிறார். தொலைக்காட்சி நேரலையில், நாடே பார்க்க, அம்மருத்துவரைக் கொல்கிறார். வாகனச் சோதனை அதிகாரியான மகன் சந்துரு, பழுதான பேருந்துக்குக் கையூட்டு வாங்கிச் சான்றளிக்க, பள்ளிக் குழந்தைகள் மடிகின்றனர். தந்தையின் கத்தி மகனையும் விடவில்லை.

இப்படத்தின் நேர்மையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. கையூட்டு உயிரையே குடிக்கும் என்று அது காட்டியது. தீமை வீரனின் சொந்த வீட்டிலும் குடியிருக்கும் என்றும் காட்டியது. நகர வாயிலில் ஏழையின் வழக்கைப் புரட்டியவர்கள்மேல் இறைவாக்கினர் ஆமோஸ் கொண்ட சினம் இதிலும் உண்டு.

ஆனால் சக்கேயுவை இக்கதைக்குள் கொண்டுவந்து பார்ப்போம். எரிகோவின் வரிதண்டுவோர் தலைவர். சேனாபதியின் பட்டியலில் முதலிடம் பெறத் தகுந்தவர். இயேசுவோ அவர் வீட்டில் தங்கச் சென்றார். ஊரார் முணுமுணுத்தனர். முடிவில் பாதிச் சொத்து ஏழைகளுக்குப் போயிற்று. ஏமாற்றப்பட்டோருக்கு நான்கு மடங்கு ஈடு உறுதியாயிற்று. கத்தி முந்தியிருந்தால் ஒரு காசும் திரும்பியிராது! மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2018-இல் திருச்சபையின் மறைக்கல்வி ஏட்டைத் திருத்தி, மரண தண்டனை ஏற்கத்தக்கதன்று என்றார். கொடிய குற்றம் புரிந்தவரும் மனித மாண்பை இழப்பதில்லை என்பது அதன் அடிப்படை.

எனினும் நம்மை மிகவும் உறுத்துவது வேறொன்று. அரங்கில் கைதட்டல் எழுந்தது கத்திக்கு. மகளின் உயிர் ஊசலாடியபோதும் பணம் தர மறுத்தாரே, அந்த மறுப்புக்கு எழவில்லை. படமும் அதைத் துயரக் காட்சியாக மட்டுமே கடந்து செல்கிறது. (அன்று அவர் கொடுத்திருந்தாலும் அறநெறி இறையியல் அவரைக் கடிந்திராது. மிரட்டிப் பறிப்பவனையும் வேறு வழியின்றிப் பறிகொடுப்பவனையும் அது ஒன்றாகக் கருதுவதில்லை.) 2018-இல் திருத்தப்பட்ட ஊழல் தடுப்புச் சட்டமும் ஏறக்குறைய இதையே சொல்கிறது: கையூட்டுக் கொடுப்பதும் குற்றம், கட்டாயத்தால் கொடுத்தவர் ஏழு நாள்களுக்குள் புகார் செய்தால் தண்டனையில்லை.

பத்திரப் பதிவு விரைவாக முடியவும், தேர்வின்றி ஓட்டுநர் உரிமம் கிடைக்கவும் கொடுக்கப்படும் உறை எந்தக் கட்டாயத்தில் சேரும்? ஆன்ம சோதனையின்போது ஞாயிறு திருப்பலிக்குப் போகாததை நினைவுகூரும் நம்மில் எத்தனை பேர் அந்த உறையை நினைவுகூர்கிறோம்? ஆசிரியர் பணிக்கும் பள்ளி இடத்துக்கும் விலை பேசப்படுமானால், கிறிஸ்தவ நிறுவனங்களின் வாயிலிலும் இக்கேள்வி வந்து நிற்கும்.

ஏழையின் ஒற்றை ஆட்டுக்குட்டியைப் பறித்த செல்வனின் கதையைக் கேட்ட தாவீது அரசர் கொதித்தெழுந்து, அவன் சாக வேண்டும் என்று தீர்ப்பிட்டார். திரையரங்கில் நாம் செய்வதும் இதுவே. நாத்தான் அத்துடன் நிறுத்தவில்லை. அச்செல்வன் வேறு யாருமல்லன், கேட்டுக்கொண்டிருக்கும் அரசரே என்று சுட்டிக்காட்டினார். ‘இந்தியன்’ நம்மைக் கொதிக்க வைத்து, தீர்ப்பும் சொல்ல வைத்து, வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது.

அதே தாவீது பின்னாளில், தமக்கு எதிராகப் படை திரட்டிய மகன் அப்சலோம் கொல்லப்பட்ட செய்தி கேட்டு, வாயிலின் மேலறைக்கு ஏறிச்சென்று அழுதார். அவனுக்குப் பதிலாகத் தாம் இறந்திருக்கக் கூடாதா என்று புலம்பினார். வெற்றி கொண்டாட வந்த படை, தோற்றோடியதைப் போல ஓசையின்றி நகருக்குள் நுழைந்தது. இப்படத்தில் அவ்வளவு நீண்ட அழுகைக்கு இடமில்லை. மகன் விழுகிறான், சிறிது நேரத்தில் தந்தை அயல்நாட்டிலிருந்து தொலைபேசியில் எச்சரிக்கிறார், தேவைப்பட்டால் மீண்டும் வருவேன் என்று.