நெட் போனாலும் நிற்காத வீடு

ஸ்மார்ட் ஹோம் என்றால் பணக்கார வீட்டு விளையாட்டு என்று சொல்பவர்களைக் கண்டால், அப்படியே கையைப் பிடித்து எங்கள் மொட்டை மாடிக்கு இழுத்துப் போக வேண்டும் போலிருக்கும். அங்கே இருப்பது எல்லார் வீட்டிலும் இருக்கிற அதே ஆயிரம் லிட்டர் கறுப்புத் தொட்டிதான். ஆனால் அதன் மூடிக்கு உள்பக்கம் ஒரு சின்ன சென்சார் இருக்கிறது. காதுக்குக் கேட்காத ஒலியை அது தண்ணீர் மேல் அனுப்பும். ஒலி பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்துத் தண்ணீர் எவ்வளவு கீழே கிடக்கிறது என்று கணக்குப் போடும். தொட்டியில் கால்வாசிக்குக் கீழே போனால் மோட்டார் தானாக ஓடும், நிரம்பியதும் தானாக நிற்கும். சம்ப்பில் தண்ணீர் இல்லையென்றால் மோட்டார் கிளம்பவே கிளம்பாது. காயில் கருகுகிற பேச்சுக்கே இடமில்லை!

இதையெல்லாம் நடத்துவது ஹோம் அசிஸ்டென்ட் என்கிற இலவச மென்பொருள். எங்கள் வீட்டு டிவிக்குப் பின்னால், உள்ளங்கையளவு ராஸ்ப்பெரி பை கணினியில் அது உட்கார்ந்திருக்கிறது. இதை எழுதும்போதே எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கணினி என்று ஒன்றைத் தொட்ட நாளிலிருந்து இவ்வளவு மனநிறைவு தந்த பொருள் வேறெதுவும் எனக்கு நினைவில் இல்லை.

அதன் மூளை வீட்டுக்குள்ளேயே இருக்கிறது, அதுதான் விஷயம். கடையில் விற்கும் ஸ்மார்ட் பல்பு, ஸ்மார்ட் பிளக் பலவற்றில் நாம் ஹாலில் நின்று பொத்தானை அமுக்கினால், கட்டளை கடல் கடந்து எங்கோ ஒரு சர்வருக்குப் போய்த் திரும்பி வந்துதான் நம் தலைக்கு மேல் விளக்கு எரியும். அந்த சர்வரை மூடிவிட்டால்? மூடியிருக்கிறார்கள். அமெரிக்காவில் ரிவால்வ் என்று சுமார் 300 டாலர் விலையில் ஒரு கருவி வந்தது. 2014இல் அந்த நிறுவனத்தை கூகுளின் நெஸ்ட் வாங்கியது. 2016 மே மாதம் சேவையை நிறுத்தியதும், வாங்கியவர்கள் கையில் வெறும் பிளாஸ்டிக் டப்பாதான் மிஞ்சியது. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் நிறுவனத்தின் சர்வர்கள் முன்னறிவிப்பே இல்லாமல் அடங்கின. காசு கொடுத்து வாங்கிச் சுவரில் மாட்டிய பொருள், அதன் சாவி மட்டும் யாரோ ஒருவர் கையில்! இன்றைய இணையத்தின் நோயே இதுதான் என்பேன். எதைத் தொட்டாலும் லாகின் கேட்கிறது, ஆப் கேட்கிறது, மாதச் சந்தா கேட்கிறது. அதற்கு மேல் விளம்பரம் வேறு.

போன மழைக்கு முன்னால் எங்கள் தெருவில் வடிகாலுக்குத் தோண்டினார்கள். ஜேசிபி கேபிளை அறுத்துவிட்டது. தெரு முழுக்க நெட் இல்லை. பக்கத்து வீட்டுத் தம்பி மாடிப்படியில் நின்று, "அண்ணா, என் ரூம் லைட் ஆப்ல அணையவே மாட்டேங்குது" என்றான். அதே நேரத்தில் எங்கள் வீட்டில் பொழுது சாய்ந்ததும் வாசல் விளக்கு எரிந்தது. அப்பா ராத்திரி எழுந்ததும் பாத்ரூம் வழியில் மங்கலான விளக்கு எரிந்தது. மோட்டார் ஓடி நின்றது. நெட் இல்லை என்பதே வீட்டில் வேறு யாருக்கும் தெரியவில்லை, சீரியல் பார்க்க உட்காரும் வரை.

அந்தப் பாத்ரூம் விளக்கைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கதவோரம் ஒட்டியிருப்பது ஜிக்பி வகை சென்சார், தீப்பெட்டி அளவுதான். வாட்ச் கடையில் கிடைக்கிற மாதிரி ஒரு பொத்தான் பேட்டரி, மாதக்கணக்கில் வரும். இதற்கு வைஃபை தேவையில்லை. ஜிக்பி கருவிகள் தமக்குள் ஒன்றிலிருந்து ஒன்றுக்குச் செய்தியைக் கைமாற்றிக்கொள்ளும், பந்தியில் சாம்பார் வாளி கைமாறுவது போல. நேராக கரண்டில் மாட்டிய ஒவ்வொரு பிளக்கும் அடுத்த அறைக்குச் செய்தியைத் தாண்டிவிடும் என்பதால், வீட்டில் கருவி கூடக்கூட வலை இன்னும் பலமாகிறது. எழுபது வயதைத் தாண்டிய அப்பா இருட்டில் சுவிட்சைத் தடவ வேண்டியதில்லை. இதற்கு என்ன விலை வைப்பது?

மின்சாரக் கணக்கு இன்னொரு ஆனந்தம். நம் ஊரில் ரெண்டு மாதத்துக்கு ஒரு தடவை ரீடிங். 500 யூனிட்டைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, கீழ்ப்படியில் இருக்கிற யூனிட்டுகளுக்கும் விலை மாறிவிடும். பலருக்கு பில் வந்த பிறகுதான் இது உறைக்கும். மெயின் வயரைச் சுற்றி ஒரு கவ்வி மீட்டரை எலெக்ட்ரீஷியன் அண்ணன் மாட்டித் தந்தார். இப்போது எந்த நேரத்திலும் எத்தனை யூனிட் ஓடியிருக்கிறது என்று சுவரிலிருக்கும் பழைய டேப்லெட்டில் தெரிகிறது. அம்மா அதைப் பார்த்துத்தான் ஏசியை அணைக்கிறார். 2000 வாட் கெய்சர் அரை மணி ஓடினால் ஒரு யூனிட் என்பதும், பழைய ஃபேன் 75 வாட் இழுக்கிற இடத்தில் பிஎல்டிசி ஃபேனுக்கு 30 வாட்டைச் சுற்றியே போதும் என்பதும் இன்று எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரப் பேச்சு.

2013இல் பவுலஸ் ஸ்கவுட்சன் என்கிற நெதர்லாந்துக்காரர் தன் வீட்டு ஹியூ ஸ்மார்ட் விளக்குகளுக்காகப் பைதானில் எழுதத் தொடங்கியதுதான் ஹோம் அசிஸ்டென்ட். இன்று அதில் ஆயிரக்கணக்கானோர் கை வைத்திருக்கிறார்கள். 2024இல் நிரல் பகிரும் தளமான கிட்ஹப் வெளியிட்ட பட்டியலில், அதிகம் பேர் பங்களித்த திட்டங்களின் முன்வரிசையில் இது இருந்தது. அதே ஆண்டு ஏப்ரலில், யாரும் விலைக்கு வாங்கிவிட முடியாதபடி ஓப்பன் ஹோம் ஃபவுண்டேஷன் என்ற லாபநோக்கற்ற அமைப்பிடம் ஒப்படைத்துவிட்டார்கள். இணையம் கெட்டுவிட்டது என்று புலம்புகிறோமே, இதோ, அதே இணையத்தில்தான் முகம் தெரியாத யாரோ ஒருவர் என் தொட்டி சென்சாருக்கான நிரலை எழுதி இலவசமாக வைத்திருக்கிறார். அவருக்கு ஒரு கோடி நன்றி.

தொடங்க நினைப்பவர்களுக்கு ரெண்டு வார்த்தை. மோட்டாரைச் சின்ன ரிலேயில் நேராக மாட்டாதீர்கள். நடுவில் காண்டாக்டர் வேண்டும், அதை எலெக்ட்ரீஷியன்தான் செய்ய வேண்டும். ஒரேயடியாக வீடு முழுக்க மாற்றாமல், ஒரு சென்சார், ஒரு விளக்கு என்று ஆரம்பியுங்கள். கடையில் எந்த ஸ்மார்ட் பொருளைக் கையில் எடுத்தாலும், விலை கேட்பதற்கு முன்னால் இதைக் கேளுங்கள்: "நெட் இல்லாம இது வேலை செய்யுமா?" இல்லை என்றால் வாங்காதீர்கள்.