கடவுள் தோற்றுச் சிரித்த பக்கம்

வேதநூலைக் கைகட்டி, வாய்பொத்தித்தான் படிக்க வேண்டும் என்பவர்கள் தல்மூத்தின் பக்கமே போகாதீர்கள். முதல் பக்கத்திலேயே தகராறு. மாலைப் பிரார்த்தனையை எதுவரை சொல்லலாம்? முதல் சாமம் முடியும்வரை என்கிறார் ஒருவர். மற்றவர்கள் நள்ளிரவுவரை என்கிறார்கள். விடியும்வரை என்கிறார் ரப்பான் கமாலியேல். அவருடைய பிள்ளைகளோ விருந்துக்குப் போய்விட்டு அகாலத்தில் திரும்பி, இன்னும் பிரார்த்தனை சொல்லவில்லை என்று அப்பாவிடம் வந்து நிற்கிறார்கள். இதுவும் வேதம்! அங்கேயே நான் விழுந்துவிட்டேன்.

யூதர்களுக்குத் தோரா என்னும் மூல வேதம்தான் அடிப்படை. அதற்கு வாய்மொழியாக வந்த விளக்கங்கள் கி.பி. 200 வாக்கில் மிஷ்னாவாகத் தொகுக்கப்பட்டன. அதை வைத்துக்கொண்டு பாபிலோனியாவில் சில நூற்றாண்டுகள் வாதாடித் தீர்த்ததன் பதிவுதான் இந்தத் தல்மூத்.

அச்சிட்ட பக்கத்தைப் பார்க்க வேண்டுமே! நடுவில் மூலம். உள்ளோரத்தில் 11ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு அறிஞர் ராஷியின் உரை. வெளியோரத்தில் அவருடைய பேரன்களும் மற்றவர்களும் தாத்தாவையே மடக்கிக் கேட்கும் கேள்விகள். முழுத் தல்மூத்தையும் முதன்முதலில் 1523 வாக்கில் வெனிசில் அச்சிட்டு முடித்த டேனியல் பாம்பெர்க் ஒரு கிறித்தவர் என்பது தனிச் சுவாரசியம்.

எனக்கு உயிரான பக்கம் ஓர் அடுப்பைப் பற்றியது. துண்டுதுண்டாக வெட்டி, இடையே மணல் போட்டுக் கட்டிய அடுப்பு தீட்டுப்படுமா? படாது என்று ரப்பி எலியேசர் ஒற்றை ஆளாக நிற்கிறார். அவருக்குச் சாட்சியாகக் கரோப் மரம் பெயர்ந்து நகர்கிறது, வாய்க்கால் பின்னோக்கி ஓடுகிறது, பாடசாலைச் சுவர்கள் சாய்கின்றன. ரப்பி யெஹோஷுவா சுவர்களையே அதட்டுகிறார்: அறிஞர்கள் வாதத்தில் உங்களுக்கு என்ன வேலை? அவருக்கு மரியாதை தந்து சுவர்கள் விழவில்லை. எலியேசருக்கு மரியாதை தந்து நிமிரவும் இல்லை. கடைசியில் வானத்திலிருந்தே குரல் வருகிறது, எலியேசர் சொல்வதே சரியென்று. யெஹோஷுவா எழுந்து, தோரா இப்போது வானத்தில் இல்லை என்று அதையும் தள்ளிவிடுகிறார். பெரும்பான்மை முடிவே செல்லும் என்பதுதான் இதன் பொருள். கடவுள்? பிள்ளைகள் தன்னை ஜெயித்துவிட்டதாகச் சொல்லிச் சிரித்தாராம்!

கதை அதோடு நின்றிருந்தால் வெறும் சாமர்த்தியமாகப் போயிருக்கும். எலியேசரை விலக்கிவைக்கிறார்கள். செய்தி சொல்லப் போகும் ரப்பி அக்கிவா கறுப்பு உடுத்தி, நான்கு முழம் தள்ளி உட்கார்கிறார். எலியேசரின் கண்ணீர் வழிகிறது. ஜெயித்த கட்சி எழுதிய புத்தகத்தில் தோற்றவரின் கண்ணீருக்கு இவ்வளவு இடமா! சட்டம் யெஹோஷுவா பக்கம்தான். ஆனாலும் நான் எலியேசர் கட்சி.

1923 முதல் உலகெங்கும் யூதர்கள் நாளுக்கு ஓர் ஏடாக, 2,711 ஏடுகளை ஏழரை ஆண்டில் முடிக்கிறார்கள். உங்களுக்கு அவ்வளவு பொறுமை வேண்டாம். ஆங்கில மொழிபெயர்ப்பு இணையத்தில் இலவசம். பாவா மெட்ஸியா, 59ஆம் ஏடு, பின்பக்கம். இன்றைக்கே!