போகம்பரையில் 6–6

கண்டி றக்பி என்றால் பேச்சு நித்தவலை மைதானத்தில் தொடங்கி, பாடசாலை றக்பியின் பிரட்பி கேடயத்தில் முடிந்துவிடும். அக்குறணைக் கடைத்தெருவிலும் அப்படித்தான். என் கணக்கில் அவற்றையெல்லாம் விடப் பெரிய ஆட்டம் 1906 இல் போகம்பரையில் நடந்தது. கிங்ஸ்வூட் கல்லூரி 6, திரித்துவக் கல்லூரி 6. இலங்கையில் இரண்டு பாடசாலைகள் மோதிய முதல் றக்பிப் போட்டி அது.

அந்த 6 ஐக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். அன்றைய விதிப்படி ட்ரைக்கு 3 புள்ளி, அதைத் தொடர்ந்து உதைக்கும் கோலுக்கு 2, பெனால்டிக்கு 3, ட்ரொப் கோலுக்கு 4. இதில் 6 வருவதென்றால் மூன்றும் மூன்றும் சேர்ந்துதான் வரமுடியும். ஒரு ட்ரையும் அதன் உதையும் சேர்ந்தால் 5 ஆகிவிடும். மிச்சம் ஒரு புள்ளிக்கு வழியே கிடையாது. ஆகவே அன்று எந்த அணி ட்ரை வைத்திருந்தாலும், அதற்கான உதை தவறியிருக்கிறது. உதைப்பவரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. அந்தக் காலத்தில் ஒருவர் பந்தைப் பிடித்துக் கொடுப்பார். அது நிலத்தைத் தொட்ட கணமே எதிரணி பாய்ந்து வரலாம். இன்றைய உதைப்பாளருக்குக் கிடைக்கும் அமைதியும் அவகாசமும் அவர்களுக்கு இல்லை.

இந்த ஆட்டத்துக்கு வித்திட்டவர் லூயிஸ் எட்மண்ட் பிளேஸ். 1861 இல் கண்டியில் பிறந்து, திரித்துவக் கல்லூரியில் படித்து, இந்தியாவில் ஆசிரியராக இருந்துவிட்டுத் திரும்பியவர். 1891 மே 4 ஆம் திகதி 11 மாணவர்களோடு அவர் தொடங்கிய பாடசாலைதான் பின்னாளில் கிங்ஸ்வூட் ஆயிற்று. அதே ஆண்டிலேயே பையன்கள் கையில் றக்பிப் பந்தைக் கொடுத்தார். கண்டி விளையாட்டுக் கழகம் 1874 இலேயே தோன்றிவிட்டது. ஆனால் அன்று றக்பி வெள்ளைக்காரத் துரைமாரின் ஆட்டம். அதை நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு உரியதாக்கியது ஒரு பள்ளி வாத்தியார். இன்னொரு பாடசாலையோடு தன் பையன்களை அவர் இறக்கிய முதல் போட்டியே, தான் படித்த பள்ளிக்கு எதிராக அமைந்தது.

கடலுக்கு அப்பால் அமெரிக்கக் கல்லூரிகளும் இதே றக்பியைத்தான் எடுத்துக்கொண்டன. கனடாவின் மெக்கில் அணியோடு ஹார்வர்ட் ஆடியது 1874 இல். பிறகு யேல் கல்லூரி வீரர் வால்டர் கேம்ப் பந்துக்கான முட்டிமோதலை விலக்கி, ஓர் அணி பந்தை வைத்து ஆடத் தொடங்கும் முறையைப் புகுத்தினார். மோதல் முற்றி, 1905 பருவத்தில் சுமார் 18 பேர் உயிரிழந்தார்கள். ஜனாதிபதி ரூஸ்வெல்ட் தலையிட வேண்டியதாயிற்று. மறு ஆண்டு பந்தை முன்னோக்கி எறிய அனுமதித்தார்கள். அத்தோடு அது முற்றிலும் வேறு ஆட்டமாகிவிட்டது. அந்த மறு ஆண்டும் 1906 தான். அங்கே அமெரிக்க ஆட்டம் றக்பியிடமிருந்து கடைசியாகப் பிரிந்துபோன வருடத்தில், இங்கே றக்பி பாடசாலைகளுக்கிடையில் வேரூன்றியது.

அந்த வேரிலிருந்து வந்தவர்தான் பாசில் மரிஜா. கிங்ஸ்வூட்டில் பழகி, கண்டி கழகத்துக்கு ஆடி, இலங்கை அணிக்கும் தலைமை தாங்கிய ப்ளை ஹாப். எங்கள் பகுதிப் பிள்ளைகள் அவரை அறிவார்கள், பிளேஸை அறியமாட்டார்கள். 1951 இல் மறைந்த அந்த மனிதர் 1945 இல் பிரட்பி கேடயம் தொடங்கியபோது உயிரோடுதான் இருந்தார். கேடயத்துக்கு நாம் கொடுக்கும் ஆரவாரத்தில் பாதியையாவது கிங்ஸ்வூட் – திரித்துவ மோதலுக்கும் கொடுக்க வேண்டும்.