தெர்மோஸ்டாட் அறியாத வெப்பம்

குளிரூட்டிய கட்டடங்களில் வெளிக்காற்றை உள்ளே விடும் தகட்டுக் கதவு ‘டாம்பர்’ எனப்படும். வெளியே குளிர்ந்திருந்தால் தெர்மோஸ்டாட் அதைத் திறக்கும். மின்சாரம் மிச்சம் என்பர். வறண்ட டென்வர் நகருக்குச் சரி. ஈரம் மிகுந்த ஹூஸ்டனுக்கு?

உள்ளே 25° செ., ஈரப்பதம் 50 விழுக்காடு. வெளியே 24° செ., 90 விழுக்காடு என்க. கருவி கதவை அகலத் திறந்துவிடும். ஆனால் நீராவியின் உள்ளுறை வெப்பத்தையும் சேர்த்து 0° செ.யிலிருந்து கணக்கிட்டால், கிலோகிராம் காற்றில் உள்ளே சுமார் 50 கிலோஜூல், வெளியே 67! மிச்சம் எங்கே? குற்றம் கருவியினுடையதன்று, வெப்பநிலையை மட்டுமே அறிந்ததிடம் வெப்பத்தைக் கணக்கிடச் சொன்னவர்களுடையது.

ஈரப்பதத்தையும் அளந்து முடிவுசெய்யும் கட்டுப்பாடு உண்டு. அதன் ஈர உணரியோ நாளடைவில் பிழை காட்டும். அத்தகைய ஊர்களில், வெளியே 18° செ.க்கு மேற்பட்டால் மூச்சுக்கு வேண்டிய அளவே திறக்குமாறு தெர்மோஸ்டாட்டை அமைப்பது மேல் என்பேன். 18° செ.யில் காற்று முழு ஈரமாயிருப்பினும் அதன் வெப்பம் 51 கிலோஜூல்தான்.